கடை மறுபடி திறக்க எத்தனை நாள்? சிறுதொழில் செய்பவர்களுக்கான பேரிடர் முன்தயாரிப்பு வழிகாட்டி

வெள்ளம் ஒரே நாளில் வடிந்துவிடும். தீயை ஒரு மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள். ஆனால் காப்பீட்டுப் பாலிசி நகலைத் தேடுவதில் நான்கு நாள், கணக்கு இருந்த கம்ப்யூட்டர் திறக்காததால் பத்து நாள், சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்ட பில் கிடைக்காமல் இரண்டு மாதம் என்று இழுத்துக்கொண்டே போகும். சிறுதொழில் நொடிப்பது இந்த இழுபறியில்தான். அதைச் சுருக்குவதற்கு முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய வேலைகளைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம்.

ஒருவர் முதல் பத்துப் பேர் வரை வேலை செய்யும் கடை, பட்டறை, சிறு அலுவலகம், ஆன்லைன் விற்பனை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். இதற்கென்று ஆலோசகர் யாரும் வேண்டாம். விடுமுறை நாட்களாக நான்கைந்து ஒதுக்கினால் முடித்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் படியில் கிடைக்கும் எண்கள் பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் தேவைப்படும்.

1. உங்கள் நாட்களை எண்ணுங்கள் (இரண்டு மணி நேரம், செலவு இல்லை)

ஒரு தாளில் இரண்டு கணக்குப் போடுங்கள்.

முதல் கணக்கு பணம். விற்பனை அடியோடு நின்றாலும் கட்டியாக வேண்டியவற்றை எழுதுங்கள்: வாடகை, சம்பளம், கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், போன், இணையம். மாதம் 100 செலவாகும் தொழிலில் உடனே எடுக்கக்கூடிய பணம் 40 இருந்தால், நீங்கள் தாங்குவது 12 நாள். வரவேண்டிய கடன்பாக்கியை இதில் சேர்க்காதீர்கள். ஊரே முடங்கும்போது அவர்களாலும் தர முடியாது. முதல் இலக்கு 30 நாள், பிறகு 90 நாள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது கணக்கு வேலை. பில் போடுவது, உற்பத்தி, டெலிவரி, வாடிக்கையாளர் அழைப்பு, சம்பளம் என்று ஒவ்வொன்றையும் எழுதி, அது எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். 4 மணி நேரம், 2 நாள், 2 வாரம் என்று மூன்றே கட்டங்கள் போதும். எல்லோரும் எல்லாவற்றையும் “உடனே” என்றுதான் எழுத நினைப்பார்கள். முதல் கட்டத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் வைக்காதீர்கள். கூடவே, எத்தனை நாள் பதிவுகள் தொலைந்தால் மறுபடி எழுதிக்கொள்ள முடியும் என்பதையும் குறியுங்கள்.

புயல், பூகம்பம், திருட்டு என்று பேரிடர்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் தீட்ட உட்காருபவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் எதுவானாலும் கடைசியில் இல்லாமல் போவது ஐந்தில் ஒன்று: இடம், மின்சாரம், தரவு, ஆள், சப்ளையர். இந்த ஐந்துக்கும் வழி வைத்தால் போதும்.

2. ஆவணக் கட்டு (ஒரு நாள்)

நீர் புகாத உறையில் இவை இருக்கட்டும்:

- தொழில் பதிவு, உரிமங்கள், வரிப் பதிவுச் சான்று
- காப்பீட்டுப் பாலிசி முழுவதும் (முதல் பக்கம் மட்டும் போதாது, நிபந்தனைகளும் விலக்குகளும் பின்பக்கங்களில்தான் இருக்கும்)
- வாடகை ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம்
- ஊழியர்கள், சப்ளையர்கள், முக்கிய வாடிக்கையாளர்கள் பெயரும் போன் எண்ணும்
- கடைசி வரித் தாக்கல், கடைசிக் கையிருப்புக் கணக்கு
- சொத்துப் பட்டியல்: பொருள், மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, பில் எண்

இதில் ஒரு பிரதி தொழிலிடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் உள்ள வீடு போதாது, ஏனென்றால் ஒரே தண்ணீர் இரண்டு இடத்திலும் ஏறும். ஸ்கேன் செய்த பிரதி ஒன்றைக் கடவுச்சொல் போட்டு இணையச் சேமிப்பிலும் வையுங்கள்.

அடுத்து ஒரு வீடியோ. வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக நடந்து, அலமாரிகளைத் திறந்து காட்டி, இயந்திரங்களின் சீரியல் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். பத்து நிமிடம் போதும். எடுத்த அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டால் தேதிக்கு ஆதாரம் கிடைத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள்.

பலர் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, வெப்பத் தாளில் அச்சான பில்கள். வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கி வெற்றுத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். இரண்டாவது, ஓடிபி. வங்கி, மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் எல்லாமே ஒரே போனுக்குக் குறியீடு அனுப்பும்படி வைத்திருப்பீர்கள். அந்தப் போன் தண்ணீரில் போனால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். மின்னஞ்சல் போன்ற சேவைகள் ஒருமுறை மட்டும் பயன்படும் மீட்புக் குறியீடுகளைத் தருகின்றன. அவற்றை அச்சிட்டு உறையில் வையுங்கள். மூன்றாவது, கையெழுத்து. வங்கியில் நீங்கள் ஒருவர் மட்டுமே கையெழுத்திட முடியும் என்றால், நீங்கள் மருத்துவமனையில் படுத்த அன்று சம்பளம் நின்றுவிடும். நம்பிக்கையான இன்னொருவருக்கு வரம்புடன் அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

3. காப்பீடு: இங்கே அவசரப்படாதீர்கள்

பாலிசி இருக்கிறது என்ற நிம்மதியில் அதைப் படிக்காமல் விடுவதுதான் இந்த வரிசையிலேயே பெரிய தவறு. எடுத்துப் படித்து இவற்றைப் பாருங்கள்.

தொகை. பிரீமியத்தைக் குறைக்கச் சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? உண்மை மதிப்பு 100, காப்பீடு 60, நட்டம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டம் 60-க்குள் இருப்பதால் 40 முழுவதும் வரும் என்று நினைப்பீர்கள். விகிதாசார நிபந்தனை உள்ள பாலிசியில் 40-இல் 60 சதவீதம், அதாவது 24 மட்டுமே வரும். அதிலும் பாலிசியில் எழுதியுள்ள உங்கள் பங்குத் தொகை கழியும். சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதத்தின் மதிப்பை வைத்தே தொகையை முடிவு செய்யுங்கள்.

எந்த மதிப்பு. பத்து வருட இயந்திரத்துக்குத் தேய்மானம் கழித்துத் தருவது ஒரு வகை, அதே போன்ற புதிய இயந்திரம் வாங்கும் விலையைத் தருவது இன்னொரு வகை. இரண்டாவதற்குப் பிரீமியம் கூடும். அந்த இயந்திரம் இல்லாமல் தொழிலே ஓடாது என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். சரக்குக்குப் பொதுவாக வாங்கிய விலைதான் கிடைக்கும், விற்பனை விலை கிடைக்காது.

முகவரி. பாலிசியில் எழுதிய இடத்தில் இருக்கும் பொருளுக்கே பாதுகாப்பு. சரக்கு கூடிவிட்டது என்று எடுத்த இரண்டாவது குடோன், வீட்டில் வைத்த பெட்டிகள், வண்டியில் போகும் சரக்கு எல்லாவற்றையும் எழுத்தில் சேர்த்தால்தான் உண்டு.

விலக்குகள். வெள்ளம், நிலநடுக்கம், கழிவுநீர் பின்னோக்கி ஏறுவது, மின் அழுத்த ஏற்றத்தால் கருவி எரிவது ஆகியவை பல பாலிசிகளில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவை. அடித்தளத்தில் சரக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், தீயணைப்பான் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கலாம். அவற்றை மீறியிருந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

வருமான இழப்பு. சுவரும் சரக்கும் சேதமானதற்குப் பணம் வருவது வேறு, மூடிக்கிடந்த நாட்களின் லாபத்துக்கும் நிலையான செலவுக்கும் பணம் வருவது வேறு. இரண்டாவதைப் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டும். முதல் சில நாட்களுக்கு எதுவும் வராது. எத்தனை மாதம் வரை தருவார்கள் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரீமியம் குறைவு என்று மூன்று மாதம் எடுப்பவர்கள், கட்டடம் சரியாகி, இயந்திரம் வந்து, பழைய வாடிக்கையாளர்கள் திரும்பும்வரை ஆகும் காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்று: உங்கள் இடத்தில் சேதம் ஏற்பட்டு அதற்கான கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் பொதுவாக இந்தப் பகுதி செயல்படும். சாலை மூடப்பட்டதால் ஆள் வரவில்லை என்றால், அதற்கென்று சேர்த்திருந்தாலொழிய பணம் வராது.

கடனுக்காக வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி, கடன் தொகை அளவுக்கே இருக்கலாம். அதை உங்கள் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் புதிய பாலிசி தர நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். தந்தாலும் காத்திருப்புக் காலம் இருக்கலாம்.

4. தரவு: நகல் இருப்பது போதாது, திறக்க வேண்டும்

விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். கம்ப்யூட்டரில் உள்ளது ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று.

கோப்புகளைத் தானாக ஒத்திசைக்கும் வசதியைப் பேக்கப் என்று நம்ப வேண்டாம். இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே வைரஸ் பூட்டினால் பூட்டிய கோப்பே அங்கேயும் போகும். பழைய பதிப்புகளை 30 நாளாவது வைத்திருக்கும் சேவையாகப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பதும் தவறு. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் பூட்டும், மின்னல் தாக்கினால் அதுவும் போகும். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று எப்போதும் வேறு இடத்தில் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் கணக்கு மென்பொருளை நிறுவி, பேக்கப்பிலிருந்து மீட்டு, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். உரிமச் சாவி இல்லை, பதிப்பு பொருந்தவில்லை, கோப்பு பழுது என்ற மூன்று தடைகளும் அப்போதுதான் வெளிப்படும். ஆன நேரத்தை முதல் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பில் வேலைக்கு 4 மணி நேரம் என்று எழுதிவிட்டு மீட்க ஒன்றரை நாள் ஆகிறது என்றால், தயார் நிலையில் இரண்டாவது கம்ப்யூட்டர் வேண்டும்.

கம்ப்யூட்டரே இல்லாத நாளுக்கு, எண் அச்சிட்ட பில் புத்தகம் இரண்டும், அச்சிட்ட விலைப்பட்டியலும் போதும்.

5. மின்சாரம்

முதல் கட்டத்தில் எழுதிய மூன்று வேலைகளுக்கு வேண்டிய கருவிகளின் வாட்டை மட்டும் கூட்டுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்குக்கு 1800 வாட்-மணி இருக்கும். மாற்றும்போது ஆகும் இழப்பு, முழுதாக வடிக்கக் கூடாது என்பது, பேட்டரியின் வயது மூன்றையும் சேர்த்தால் பாதிதான் நம்பத்தக்கது. 300 வாட் சுமைக்கு மூன்று மணி நேரம். யுபிஎஸ் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 ஆண்டு வரும், சூடான அறையில் அதைவிடக் குறைவு. வாங்கிய மாதத்தை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஜெனரேட்டர் வாங்கும்போது மோட்டாரில் ஏமாறுவார்கள். ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும். அதைத் தாங்கும் கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) இல்லாவிட்டால் ஜெனரேட்டர் நின்றுவிடும். மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கிளப்புங்கள். மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுப்போகும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து 6 மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய இடத்தில் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். சுவர்ச் சாக்கெட்டில் செருகிக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது கம்பிவழி வெளியே பாய்ந்து, பழுது பார்க்கும் ஊழியரைத் தாக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து, வெளி இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச் போடுங்கள்.

குளிர்ச் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு: மின்சாரம் போனதும் கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்பெட்டி சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்.

6. கட்டடமும் சரக்கும்

அக்கம்பக்கத்தில் பழையவர்களிடம் விசாரித்து, தண்ணீர் இதுவரை ஏறிய உச்சத்தைச் சுவரில் கோடு போடுங்கள். கெடக்கூடிய சரக்கு, கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாம் அந்தக் கோட்டுக்கு 30 சென்டிமீட்டர் மேலே. நனைந்தாலும் கழுவி விற்கக்கூடியவை கீழே. இந்த இடமாற்றத்துக்குச் செலவே இல்லை, பலனோ மற்ற எல்லா ஏற்பாட்டையும் விட அதிகம்.

மணல் மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். பாதிக்குச் சற்று மேலே நிரப்பினால்தான் படிந்து உட்காரும். செங்கல் அடுக்குவது போல் மூட்டு மாற்றி, பிளாஸ்டிக் விரிப்போடு சேர்த்து அடுக்குங்கள். தண்ணீரை முழுதாக நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். வெளியே 60 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது உள்ளே சொட்டு விடாமல் தடுத்தால் அழுத்தம் சுவரையே சாய்க்கலாம். அந்தக் கட்டத்தில் தடுப்பை விட்டுவிடுங்கள். வாசலை அடைத்தும் உள்ளே தண்ணீர் வந்தால் அது கழிவுக் குழாய்வழி வந்ததாக இருக்கலாம். ஒருவழி வால்வு ஒன்று பொருத்துங்கள்.

சிறிய தீயணைப்பான் பீய்ச்சுவது 10 முதல் 20 வினாடிகள்தான். வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தீ பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் மாட்டினால் எடுக்கவே முடியாது. ஏபிசி பவுடர் பலவகைத் தீக்கும் உதவும், ஆனால் மின்னணுக் கருவிகளை அரிக்கும். கம்ப்யூட்டர், மின் பேனல் பக்கம் கார்பன் டை ஆக்சைடு வகை வையுங்கள். குப்பைக் கூடை அளவைத் தாண்டிய தீயோடு மல்லுக்கட்டாமல் வெளியேறுங்கள்.

7. ஆளும் சப்ளையரும்

முதல் கட்ட வேலைகள் ஒவ்வொன்றையும் செய்யத் தெரிந்தவர் இரண்டு பேராவது வேண்டும். செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதவைத்து, அதைப் பார்த்து இரண்டாமவர் ஒரு நாள் முழுக்க அந்த வேலையைச் செய்யட்டும். கடையை மூடும் முடிவை யார் எடுப்பார், அவர் இல்லாவிட்டால் யார், மூடிய நாட்களுக்குச் சம்பளம் எப்படி என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஊழியர்கள் வீடு போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கிட்டு மூட வேண்டும்.

இரண்டாவது சப்ளையரைப் பெயருக்கு வைத்திருந்தால் நெருக்கடியில் அவர் பழைய வாடிக்கையாளர்களைத்தான் முதலில் கவனிப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிய ஆர்டராவது கொடுங்கள். இரண்டு பேரும் ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குபவர்களா என்றும் விசாரியுங்கள்.

8. ஒரு பக்கத் திட்டம், அரை மணி ஒத்திகை

இதுவரை முடிவு செய்ததை ஒரே தாளில் எழுதுங்கள்: யார் முடிவெடுப்பது, யாரை அழைப்பது, மின் மெயின், தண்ணீர் வால்வு, எரிவாயு வால்வு இருக்கும் இடம், தற்காலிகமாக வேலை செய்யும் இடம், பாலிசி எண். அச்சிட்ட பிரதி ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “திங்கட்கிழமை காலை 7 மணி. கட்டடத்துக்குள் போக முடியாது. கையில் போன் மட்டும்.” பேசிக்கொண்டிருக்காமல் உண்மையாகவே எண்களை அழைத்துப் பாருங்கள். மாறிப்போன எண்ணும், யாரிடமும் இல்லாத இரண்டாவது சாவியும் அப்போது தெரியவரும்.

9. நடந்த பிறகு முதல் மூன்று நாள்

முதலில் ஆட்கள் எல்லோரும் நலமா என்று உறுதி செய்யுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடக் கூடாது. மின்துறையை அழைத்து வெளியிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். நனைந்த எந்தக் கருவியையும், காய்ந்துவிட்டது போல் தெரிந்தாலும், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை போடாதீர்கள். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்தால் மீட்கக்கூடிய தரவும் போய்விடும்.

சுத்தம் செய்வதற்கு முன் சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, கிளெய்ம் எண் வாங்குங்கள். சேதமானதைச் சர்வேயர் பார்க்கும்வரை எறியாதீர்கள். அழுகி நாறுவதை அகற்றியே ஆக வேண்டும் என்றால், எழுத்தில் அனுமதி கேட்டு, போட்டோ எடுத்து, எண்ணி, மாதிரி வைத்துக்கொண்டு அகற்றுங்கள். அதே சமயம் சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை. கூரை ஓட்டையை மூடாமல் விட்டால் அடுத்த மழையின் நட்டம் உங்கள் தலையில் விழலாம். அதற்கான ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

பூஞ்சை 24 முதல் 48 மணி நேரத்தில் பிடிக்கும். நனைந்த கணக்குப் புத்தகங்களைப் பிரிக்க முயலாமல், பையில் இட்டு உறைபெட்டியில் வைத்தால் அவகாசம் கிடைக்கும். பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

வாடிக்கையாளர்களுக்கு அன்றே மூன்று வரி அனுப்புங்கள்: என்ன நடந்தது, எது நடக்கிறது, அடுத்த செய்தி எப்போது. திறக்கும் தேதியை ஊகித்துச் சொல்ல வேண்டாம். ஒப்பந்தப்படி சரக்கு தர வேண்டியிருந்தால், தாமதத்தைத் தெரிவிக்க நாள் கெடு இருக்கிறதா என்று அதே நாளில் பாருங்கள்.

பணம் தாமதமானால் இடைக்காலத் தொகை கேட்கலாம். “முழுவதும் தீர்ந்தது” என்ற வாசகம் உள்ள தாளில், எல்லாச் சேதமும் கணக்கில் வந்ததை உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இயந்திரத்தின் உள்ளே பிடித்த துரு சில வாரம் கழித்துத்தான் தெரியும். சுவரைப் பழுது பார்க்க ஆள் வந்திருக்கும்போதே சாக்கெட்டுகளைக் கோட்டுக்கு மேலே ஏற்றி மாட்டச் சொல்லிவிடுங்கள். சுவர் எப்படியும் உடைபடுகிறது, தனிக் கூலி பெரிதாக ஆகாது.